விளையாட்டுத் தானுந்துகளின் ஓட்டுணர்வு

ஓட்டுணர்வு என்பது ஒரு தானுந்தைச் செலுத்தும்போது அதன் இயக்கத்தைப் பற்றி ஓட்டுநருக்குக் கை, கால், உடல், செவி, கண் ஆகியவற்றின் வழியாகக் கிடைக்கும் செய்திகளையும், ஓட்டுநரின் செயலுக்குத் தானுந்து தரும் மறுமொழியையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகும். ஸ்போர்ட்ஸ் கார் என்று பரவலாக அறியப்படும் விளையாட்டுத் தானுந்துகள் பயணத் தேவைக்காக மட்டுமன்றி ஓட்டும் இன்பத்துக்காகவும் உருவாக்கப்படுகின்றன. ஆகவே இவ்வகைத் தானுந்துகளில் ஓட்டுணர்வு முதன்மையான பண்பாகக் கருதப்படுகிறது.

1960களிலிருந்து இன்றுவரை விளையாட்டுத் தானுந்துகளின் வேகம், முடுக்கம், நிறுத்தும் திறன், பாதுகாப்பு, நம்பகத்தன்மை ஆகிய அனைத்தும் பெருமளவு உயர்ந்துள்ளன. ஆயினும், ஓட்டும் இன்பம் அதே அளவில் உயர்ந்ததா என்பது தானுந்து ஆர்வலர்களிடையேயும் பொறியாளர்களிடையேயும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அளவிடக்கூடிய திறன்கள் உயர்ந்தபோது, அத்திறன்களை ஓட்டுநர் உணர்ந்து பயன்படுத்துவதற்கான வாய்ப்புப் பல வகைகளில் குறைந்தது என்பதே இவ்விவாதத்தின் மையக் கருத்தாகும். இம்மாற்றத்துக்கான காரணங்களுள் பல, உயிர் காக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளோடும் தொடர்புடையவை.

வரையறை

விளையாட்டுத் தானுந்து என்பதற்கு அனைவரும் ஏற்ற ஒரே வரையறை இல்லை. பொதுவாக, தாழ்ந்த உடலமைப்பும், இரண்டு இருக்கைகளும் (அல்லது பின்புறம் இரு சிறு இருக்கைகளுடன் நான்கும்), விரைவான சுக்கான் மறுமொழியும், எடைக்கு ஏற்ற நல்ல உந்துபொறித் திறனும் கொண்ட தானுந்துகள் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. பந்தயத்துக்கென்றே உருவாக்கப்பட்டுப் பொதுச்சாலையில் செலுத்த அனுமதி பெறாத பந்தயத் தானுந்துகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை.

இக்கட்டுரையில் பழைய தானுந்து என்பது ஏறத்தாழ 1990களின் நடுப்பகுதிக்கு முன் வடிவமைக்கப்பட்டதையும், புதிய தானுந்து என்பது அதன் பின்னர் மின்னணுக் கட்டுப்பாடுகளோடு வடிவமைக்கப்பட்டதையும் குறிக்கும். இந்த எல்லைக்கோடு துல்லியமானதன்று. மாற்றங்கள் படிப்படியாகவே நிகழ்ந்தன.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் எம்ஜி நிறுவனத்தின் சிறிய திறந்த தானுந்துகளால் ஈர்க்கப்பட்டனர். 1945 முதல் 1949 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜி டிசி 1,250 கனசென்டிமீட்டர் கொள்ளளவும் சுமார் 54 குதிரைத்திறனும் மட்டுமே கொண்டிருந்தது. குறைந்த வேகத்தில் சென்றாலும் இத்தகைய தானுந்துகளை ஓட்டுவது மகிழ்ச்சியளித்தது. இதனால் அமெரிக்காவில் இவற்றுக்குப் புதிய சந்தை உருவானது.

1960கள் விளையாட்டுத் தானுந்துகளின் செழிப்பான காலமாகக் கருதப்படுகின்றன. ஜாகுவார் ஈ-டைப் 1961இலும், லோட்டஸ் எலான், எம்ஜிபி ஆகியவை 1962இலும் அறிமுகமாயின. போர்சே 911 முதன்முதலில் 1963இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1964இல் உற்பத்திக்கு வந்தது. இவற்றுள் எலான், லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மனின் எடைக்குறைப்புக் கொள்கைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். எஃகாலான முதுகெலும்பு போன்ற நடுச்சட்டமும் கண்ணாடியிழை உடலும் கொண்ட இதன் எடை சுமார் 680 கிலோகிராம் மட்டுமே. நான்கு சக்கரங்களிலும் வட்டு பிரேக்குகளும் தனித்தியங்கும் தொங்கமைப்பும் (சஸ்பென்ஷன்) இதில் இருந்தன.

1960களின் இறுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளும் புகை வெளியேற்ற விதிகளும் கடுமையாயின. எடுத்துக்காட்டாக, எம்ஜிபியில் 1974 முதல் பெரிய இரப்பர் மோதுதாங்கிகள் (பம்பர்கள்) பொருத்தப்பட்டன; விதிகளுக்கு ஏற்ப அதன் உயரமும் கூட்டப்பட்டதால் வளைவுகளில் அதன் நடத்தை முன்பிருந்ததைவிடக் குன்றியது. எம்ஜிபி உற்பத்தி 1980இல் நின்றது. சிறிய, எளிய, திறந்த விளையாட்டுத் தானுந்து என்ற வகையே ஏறக்குறைய மறைந்திருந்த நிலையில், 1989ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 தானுந்தை அறிமுகப்படுத்தியது. எலானைப் போன்ற பழைய பிரித்தானியத் தானுந்துகளின் இன்பத்தை ஜப்பானிய நம்பகத்தன்மையோடு தருவதே அதன் நோக்கமாக இருந்தது. 2016ஆம் ஆண்டில் எம்எக்ஸ்-5 தானுந்துகளின் மொத்த உற்பத்தி பத்து இலட்சத்தை எட்டியது.

எண்களில் ஒப்பீடு

ஒரே பெயரில் நெடுங்காலம் தயாரிக்கப்பட்ட தானுந்துகள் இந்த ஒப்பீட்டுக்குப் பெரிதும் உதவுகின்றன.

போர்சே 911 (1964): 2.0 லிட்டர் ஆறு உருளை உந்துபொறி; 130 குதிரைத்திறன்; எடை சுமார் 1,080 கிலோகிராம்; 0-100 கிமீ/மணி வேகத்தை அடைய சுமார் 9 நொடி; உச்ச வேகம் 210 கிமீ/மணி; டயர் அகலம் 165 மில்லிமீட்டர்.

போர்சே 911 கரேரா (2019): 3.0 லிட்டர் இரட்டை டர்போ ஆறு உருளை உந்துபொறி, 385 குதிரைத்திறன், எடை சுமார் 1,505 கிலோகிராம், 0-100 கிமீ/மணி வேகத்தை அடைய 4.2 நொடி, உச்ச வேகம் 293 கிமீ/மணி, டயர் அகலம் முன்புறம் 235, பின்புறம் 295 மில்லிமீட்டர்.

ஹோண்டா என்எஸ்எக்ஸ் (1990): 3.0 லிட்டர் வி6 உந்துபொறி, சுமார் 270 குதிரைத்திறன், எடை சுமார் 1,370 கிலோகிராம், பின்சக்கர இயக்கம், கைமுறை கியர்.

ஹோண்டா என்எஸ்எக்ஸ் (2016): 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 உந்துபொறியும் மூன்று மின்னோடிகளும், மொத்தம் 573 குதிரைத்திறன், எடை சுமார் 1,725 கிலோகிராம், நான்குசக்கர இயக்கம், ஒன்பது கியர் இரட்டைக் கிளட்ச் அமைப்பு.

மேற்கண்ட எண்கள் அனைத்திலும் புதிய தானுந்துகளே முன்னிற்கின்றன. எடை மட்டும் எதிர்த்திசையில் கூடியுள்ளது. ஓட்டுநர் எதை உணர்கிறார் என்பது இத்தகைய பட்டியல்களில் இடம்பெறுவதில்லை.

ஓட்டுணர்வைத் தீர்மானிக்கும் கூறுகள்

எடை

ஒரு பொருளின் நிறை கூடும்போது அதன் வேகத்தையும் திசையையும் மாற்றத் தேவையான விசையும் கூடுகிறது. எடை குறைந்த தானுந்து முடுக்கம், பிரேக், திசைமாற்றம் ஆகிய மூன்றுக்கும் விரைவாக மறுமொழி தருகிறது. எடை கூடிய தானுந்தில் வலிமையான உந்துபொறி, பெரிய பிரேக்குகள், அகன்ற டயர்கள், இறுக்கமான தொங்கமைப்பு ஆகியன தேவைப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் மேலும் எடையைச் சேர்க்கின்றன.

எடை கூடியதற்கு முதன்மையான காரணம் பாதுகாப்பாகும். மோதலின்போது நசுங்கி ஆற்றலை உள்வாங்கும் பகுதிகள், கதவுகளுக்குள் வைக்கப்படும் வலுவூட்டல்கள், காற்றுப்பைகள், உறுதியான கூரைத் தூண்கள் ஆகியவை பழைய தானுந்துகள் பலவற்றில் இல்லை. குளிரூட்டி, ஒலித்தடுப்பு, மின்னியக்க இருக்கைகள் போன்ற வசதிகள் மற்றொரு காரணம். கூரையைத் தாங்கும் தூண்கள் தடித்ததால் ஓட்டுநரின் பார்வைப் புலமும் குறுகியது. 1990ஆம் ஆண்டு என்எஸ்எக்ஸ் தானுந்தை வடிவமைத்தவர்கள் போர் வானூர்தியின் விமானி அறையை முன்மாதிரியாகக் கொண்டு, சுற்றுப்புறம் நன்கு தெரியுமாறு அதன் உட்புறத்தை அமைத்தனர்.

சுக்கான்

ஓட்டுணர்வு குறித்த விவாதங்களில் மிகுதியாகப் பேசப்படுவது சுக்கான் (ஸ்டியரிங்) ஆகும். தானுந்து திரும்பும்போது முன் டயர்கள், தாம் செல்லும் திசைக்குச் சற்றுக் கோணலாக உருள்கின்றன. இதனால் டயர் தரையைத் தொடும் பரப்பில் பக்கவாட்டு விசை தோன்றுகிறது. இவ்விசை, சக்கரம் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் செயற்படுவதால், சக்கரத்தை நேராக்க முயலும் ஒரு முறுக்கு உண்டாகிறது. ஓட்டுநரின் கைகள் சுக்கானில் உணரும் எதிர்ப்பு பெரும்பாலும் இதுவே.

திருப்பம் கூடும்போது முதலில் இந்த எதிர்ப்புக் கூடுகிறது. டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, தொடுபரப்பின் பின்பகுதி நழுவத் தொடங்குவதால் பக்கவாட்டு விசை செயற்படும் புள்ளி முன்னோக்கி நகர்கிறது. எனவே பிடிப்பு முற்றிலும் போவதற்குச் சற்று முன்பாகவே சுக்கான் இலேசாகிறது. ஈரச்சாலையிலோ மணல் படிந்த வளைவிலோ இச்செய்தி ஓட்டுநருக்கு ஒரு முன்னெச்சரிக்கையாக அமைகிறது. எலான் போன்ற பழைய தானுந்துகளின் சுக்கான் எவ்வித விசையுதவியும் இல்லாமல் பற்சட்டம் வழியாக நேரடியாகச் சக்கரங்களோடு இணைக்கப்பட்டிருந்ததால், இம்மாற்றம் கைக்குத் தெளிவாக எட்டியது. எடை குறைவாகவும் டயர்கள் குறுகியும் இருந்தமையால் உதவியின்றியே சுக்கானைத் திருப்ப முடிந்தது.

எடையும் டயர் அகலமும் கூடியபின் நீர்ம அழுத்த உதவி (ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்) பரவலானது. அதனைத் தொடர்ந்து மின்னோடி உதவியுள்ள சுக்கான் வந்தது. இது 1988இல் ஜப்பானில் சுசுகியின் செர்வோ என்ற சிறு தானுந்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. நீர்ம அமைப்பின் எக்கி, உந்துபொறி ஓடும் நேரமெல்லாம் ஆற்றலை உட்கொள்கிறது. மின்னோடியோ தேவைப்படும்போது மட்டுமே ஆற்றலைப் பயன்படுத்துவதால் எரிபொருள் மிச்சமாகிறது. தானே தடத்தில் நிலைநிறுத்தல், தானே நிறுத்திடத்தில் நிறுத்தல் போன்ற வசதிகளுக்கும் மின்சுக்கான் இன்றியமையாதது.

ஆனால் மின்னோடியின் நிலைமமும் உராய்வும், அதனைக் கட்டுப்படுத்தும் மென்பொருளும் சாலையிலிருந்து வரும் நுண்ணிய மாற்றங்களை மழுங்கச் செய்கின்றன. 1999 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்ட ஹோண்டா எஸ்2000 சிறந்த உந்துபொறிக்காகப் போற்றப்பட்டபோதும், அதன் மின்சுக்கான் சாலையைப் பற்றிக் குறைவாகவே தெரிவிக்கிறது என்று விமரிசிக்கப்பட்டது. 2011இல் வெளிவந்த 991 தலைமுறை போர்சே 911 மின்சுக்கானுக்கு மாறியபோதும் இதே விமரிசனம் எழுந்தது. பிற்காலத்தில் மென்பொருளும் பொறியமைப்பும் மேம்பட்டு, இக்குறை ஓரளவு நீங்கியது. லோட்டஸ் எலிஸ் 1996 முதல் 2021 வரையான தன் உற்பத்திக் காலம் முழுவதும் விசையுதவி இல்லாத சுக்கானையே கொண்டிருந்தது.

உந்துபொறி

பழைய தானுந்துகளில் முடுக்கி மிதிக்கும் (ஆக்சிலரேட்டர்) உந்துபொறியின் காற்றுத் தடுக்கிதழுக்கும் இடையே உலோக வடம் இருந்தது. புதியவற்றில் மிதியின் நிலையை உணரி ஒன்று அளந்து கணினிக்குத் தெரிவிக்கிறது. எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள் என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. மாசுக் கட்டுப்பாட்டுக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் இது உதவினாலும், மறுமொழியில் சிறு தாமதம் ஏற்பட இடமுண்டு.

டர்போ அமைப்பு மற்றொரு முக்கிய மாற்றமாகும். வெளியேறும் புகையால் சுழலும் விசையாழி, உந்துபொறிக்குள் கூடுதல் காற்றைச் செலுத்துகிறது. விசையாழி வேகம் பெறச் சிறிது நேரம் பிடிப்பதால், மிதியை அழுத்தியதற்கும் விசை பிறப்பதற்கும் இடையே இடைவெளி உண்டாகிறது. 1975இல் விற்பனைக்கு வந்த போர்சே 911 டர்போவில் இந்த இடைவெளி மிக நீண்டதாக இருந்தது. புதிய டர்போக்களில் இது வெகுவாகக் குறைந்துள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் புதிய தானுந்துகளின் சராசரிக் கார்பன் டையாக்சைடு வெளியீட்டுக்கு 2015இல் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்றும், பின்னர் 95 கிராம் என்றும் இலக்கு விதித்தது. இதனால் பெரிய உந்துபொறிகளின் இடத்தைச் சிறிய டர்போ உந்துபொறிகள் பிடித்தன. 911 கரேராவும் 2015இல் டர்போவுக்கு மாறியது. இயல்பாகக் காற்றை உள்ளிழுக்கும் உந்துபொறிகள் சுழல்வேகம் கூடக்கூட விசையும் ஒலியும் கூடும் இயல்புடையவை. உச்ச வலுவைப் பெற ஓட்டுநர் முயன்று உழைக்க வேண்டும். டர்போ உந்துபொறிகள் குறைந்த சுழல்வேகத்திலேயே பெரும் முறுக்கு விசையைத் தருவதால் இந்த முயற்சிக்குத் தேவை குறைகிறது.

கியர் மாற்றம்

கைமுறை கியரில் கிளட்ச், கியர்த்தண்டு, முடுக்கி மூன்றையும் ஒருங்கிணைக்க வேண்டும். வளைவுக்கு முன் வலது பாதத்தின் ஒரு பகுதியால் பிரேக்கை அழுத்தியவாறே மறுபகுதியால் முடுக்கியைத் தட்டி உந்துபொறியின் சுழல்வேகத்தைக் கூட்டிக் கீழ்க்கியருக்கு மாறும் முறை, பயின்று பெறவேண்டிய திறமையாகும். இத்திறமையைச் சரியாகச் செய்து முடிப்பதே ஓட்டும் இன்பத்தின் பெரும்பகுதி என்று கருதுவோர் உளர்.

1997இல் பெராரி எஃப்355 தானுந்தில் சுக்கானுக்குப் பின்னுள்ள துடுப்புகளால் கியர் மாற்றும் வசதி வந்தது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு கிளட்சுகள் உள்ள அமைப்பு, 2003இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக உற்பத்தித் தானுந்துகளுக்கு வந்தது. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் மாற்றம் மிகக் குறுகிய நேரத்தில் முடிகிறது. எந்த மனிதரும் இவ்வேகத்தில் கைமுறையாக மாற்ற இயலாது. 2010களில் பெராரி, லம்போர்கினி ஆகியவை கைமுறை கியரைக் கைவிட்டன. கைமுறையாகவே ஓட்டுவோருக்கு உதவியாக, கீழ்க்கியருக்கு மாறும்போது உந்துபொறியின் சுழல்வேகத்தைத் தானே பொருத்தும் வசதி 2008இல் நிசான் 370இசட் தானுந்தில் அறிமுகமானது.

ஒலி

ஒலித்தடுப்பு, டர்போ விசையாழி, ஒலி மாசு விதிகள் ஆகியவற்றால் உந்துபொறியின் ஒலி ஓட்டுநரை எட்டுவது குறைந்தது. இதனை ஈடுசெய்யச் சில நிறுவனங்கள் காற்று உள்ளிழுக்கும் ஒலியைக் குழாய் வழியாக உட்புறத்துக்குக் கொண்டுவந்தன. 2011இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ எம்5 தானுந்தில் உந்துபொறி ஒலி ஒலிபெருக்கிகள் வழியாகவே மிகுவிக்கப்பட்டது. வேகமானியைப் பார்க்காமலே உந்துபொறியின் நிலையை அறிய ஒலி உதவுவதால், செயற்கை ஒலி எந்த அளவுக்கு உண்மையான செய்தியைத் தருகிறது என்ற கேள்வி எழுந்தது.

பிடிப்பின் எல்லையும் பொதுச்சாலையும்

ஒரு தானுந்து வளைவில் செல்லக்கூடிய உச்ச வேகம், டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. எளிமையாக்கப்பட்ட கணக்கொன்றில், 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவை எடுத்துக்கொள்ளலாம். உராய்வுக் குணகம் 0.7 என இருப்பின் உச்ச வேகம் ஏறத்தாழ 67 கிமீ/மணி ஆகும். குணகம் 1.0 என இருப்பின் அது ஏறத்தாழ 80 கிமீ/மணி ஆகும். முன்னதைப் பழைய குறுகிய டயருக்கும் பின்னதைப் புதிய அகன்ற டயருக்கும் தோராயமான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளதால், இரண்டாம் தானுந்தின் ஒவ்வொரு கிலோகிராமும் எல்லையில் 43 விழுக்காடு கூடுதல் ஆற்றலைக் கொண்டுள்ளது. 1964, 2019 ஆண்டுகளின் 911 தானுந்துகளின் எடை வேறுபாட்டையும் சேர்த்தால், புதிய தானுந்து தன் எல்லையை மீறி வழுக்கும்போது ஏறத்தாழ இருமடங்கு ஆற்றலோடு சாலையைவிட்டு விலகும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் புதிய தானுந்தே பாதுகாப்பானது. 67 கிமீ/மணி வேகத்தில் அதற்கு இன்னும் போதிய பிடிப்பு எஞ்சியிருக்கிறது. இரண்டாவது, தானுந்தின் எல்லையைத் தொட்டுணர விரும்பும் ஓட்டுநர் புதிய தானுந்தில் மிகக் கூடுதலான வேகத்தை நாடவேண்டியுள்ளது. பழைய தானுந்தில் சட்டத்துக்குட்பட்ட வேகத்திலேயே கிடைத்த அனுபவம், புதியதில் பந்தயத் தடத்தில் மட்டுமே பொறுப்போடு பெறக்கூடியதாகிறது. மெதுவான தானுந்தை வேகமாக ஓட்டுவது, வேகமான தானுந்தை மெதுவாக ஓட்டுவதைவிட இன்பமானது என ஆர்வலர்களிடையே வழங்கும் கூற்று இதனையே குறிக்கிறது.

மின்னணுக் கட்டுப்பாடுகள்

பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு, பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக 1978இல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்-வகுப்பில் வந்தது. தானுந்து ஓட்டுநர் விரும்பும் திசையிலிருந்து விலகும்போது தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் செலுத்தி அதனை நிலைப்படுத்தும் ஈஎஸ்சி அமைப்பு 1995இல் அதே நிறுவனங்களால் கொண்டுவரப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2012 மாதிரி ஆண்டு முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் அனைத்துப் புதிய தானுந்துகளிலும் ஈஎஸ்சி கட்டாயமாயிற்று. பிற வண்டிகளோடு மோதாமல் தனித்து நிகழும் உயிரிழப்பு விபத்துகளின் வாய்ப்பை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவகத்தின் ஆய்வு காட்டியது.

இத்தகைய அமைப்புகள் ஓட்டும் இன்பத்தைக் கெடுக்கின்றன என்ற கருத்து பரவலாக உண்டு. தொடக்ககால அமைப்புகள் திடீரென்றும் கடுமையாகவும் குறுக்கிட்டது உண்மையே. பிற்கால விளையாட்டுத் தானுந்துகளில் குறுக்கீட்டின் அளவை ஓட்டுநர் தெரிவு செய்யும் வசதி அளிக்கப்படுகிறது.

2003 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட போர்சே கரேரா ஜிடி, 612 குதிரைத்திறன் கொண்டிருந்தும் ஈஎஸ்சி இல்லாத தானுந்தாகும். இயல்பான உந்துபொறிக்காகவும் கைமுறை கியருக்காகவும் இது மிகச் சிறந்த ஓட்டுணர்வுடைய தானுந்துகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் இவ்வகைத் தானுந்தொன்று விபத்துக்குள்ளாகி, அதில் பயணித்த நடிகர் பால் வாக்கரும் ஓட்டுநரும் உயிரிழந்தனர். சாலைக்குப் பொருந்தாத மிகுவேகமே காரணம் என்று புலனாய்வாளர்கள் முடிவு செய்தனர். டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்பதும் கண்டறியப்பட்டது.

பழைய தானுந்துகளின் குறைகள்

பழைய தானுந்துகளை மதிப்பிடும்போது சில செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, அவற்றின் நடத்தை எப்போதும் இனிமையாக இருக்கவில்லை. 911இன் உந்துபொறி பின் அச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது. வளைவின் நடுவில் ஓட்டுநர் திடீரெனக் காலை முடுக்கியிலிருந்து எடுத்தால் எடை முன்னோக்கி மாறி, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து தானுந்து சுழலக்கூடும். இதனைத் தணிக்க 1969 மாதிரி ஆண்டில் அச்சிடைத் தூரம் 57 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. டர்போவின் தாமதமும் இதனோடு சேர்ந்ததால் தொடக்ககால 911 டர்போ ‘கைம்பெண்ணாக்கி’ எனப் பொருள்படும் பட்டப்பெயரைப் பெற்றது.

இரண்டாவதாக, மோதலில் ஓட்டுநரைக் காக்கும் ஏற்பாடுகள் மிகக் குறைவு. எலான் போன்ற இலேசான தானுந்தில் பக்கவாட்டு மோதலுக்கு எதிரான காப்பு ஏறத்தாழ இல்லை.

மூன்றாவதாக, துருப்பிடித்தல், உந்துபொறி சூடேறுதல், மின்கம்பிக் கோளாறு, அடிக்கடி பராமரிப்பு ஆகியன அன்றாடத் தொல்லைகளாக இருந்தன.

நான்காவதாக, இன்று ஓடும் நிலையில் எஞ்சியுள்ளவை பெரும்பாலும் அக்காலத்தின் சிறந்த மாதிரிகளே. மோசமானவை பல கழிவாகி மறந்துபோயின. மேலும், இன்று செலுத்தப்படும் பழைய தானுந்துகள் பலவற்றில் மேம்பட்ட புதிய டயர்களும் பிரேக் பொருட்களும் பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே பழையவை அனைத்தும் இன்பமானவை எனப் பொதுமைப்படுத்துவது பொருந்தாது.

ஓட்டுணர்வை மீட்கும் முயற்சிகள்

ஓட்டுணர்வின் தேய்வைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்திருந்தனர். அதனை மீட்கும் முயற்சிகள் பலவாறு மேற்கொள்ளப்பட்டன.

மாஸ்டா எம்எக்ஸ்-5: குதிரையும் அதன்மீதமர்ந்த வீரனும் ஓருடலாவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடர் இதன் வடிவமைப்புக் கொள்கையாகும். முதல் தலைமுறையில் ஆயிரம் கிலோகிராமுக்குக் குறைவாக இருந்த எடை, 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 1,100 கிலோகிராம் அளவுக்கு உயர்ந்தது. 2015இன் நான்காம் தலைமுறையில் பொறியாளர்கள் எடையைக் குறைத்து, ஜப்பானிய 1.5 லிட்டர் அடிப்படை மாதிரியை 990 கிலோகிராமுக்குக் கொண்டுவந்தனர். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டும் எடைகுறைந்த தானுந்தை உருவாக்க இயலும் என்பதற்கு இது சான்றாயிற்று.

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட்: 2012இல் வெளிவந்த இவ்விணைத் தானுந்துகளில் சுமார் 200 குதிரைத்திறன் உள்ள டர்போ இல்லா உந்துபொறி பொருத்தப்பட்டது. சில மாதிரிகளில், எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரையஸ் தானுந்தில் பயன்பட்ட வகை டயர்கள் வேண்டுமென்றே தெரிவு செய்யப்பட்டன. பிடிப்பின் எல்லையைக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம்.

போர்சே 911: 2013இல் வந்த ஜிடி3 மாதிரி இரட்டைக் கிளட்ச் அமைப்பில் மட்டுமே கிடைத்தது. ஆர்வலர்களின் எதிர்ப்புக்குப் பின், 2016இல் கைமுறை கியருடன் 911 ஆர் என்ற மாதிரி 991 எண்ணிக்கையில் மட்டும் தயாரிக்கப்பட்டது. அவை பட்டியல் விலையைவிட மிக உயர்ந்த விலைக்கு மறுவிற்பனையாயின. 2017இல் ஜிடி3 மாதிரியிலும் கைமுறை கியர் மீண்டும் வழங்கப்பட்டது.

ஆல்பைன் ஏ110: 2017இல் காட்டப்பட்ட இப்பிரெஞ்சுத் தானுந்து, 1960களின் அதே பெயருடைய தானுந்தைப் பின்பற்றியது. டர்போவும் இரட்டைக் கிளட்சும் கொண்டிருந்தும், அலுமினிய உடலால் எடை சுமார் 1,100 கிலோகிராமில் நின்றது. ஓட்டும் இன்பத்துக்குக் கைமுறை கியரைவிட எடைக்குறைவே முதன்மையானது என்ற கருத்துக்கு இது எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது.

ஜிஎம்ஏ டி.50: மெக்லாரன் எஃப்1 தானுந்தை 1990களில் வடிவமைத்த கோர்டன் மரே, 2020இல் இதனை வெளியிட்டார். 12,100 சுழற்சி/நிமிடம் வரை சுழலும் 3.9 லிட்டர் வி12 உந்துபொறி, ஆறு கியர் கைமுறை அமைப்பு, ஆயிரம் கிலோகிராமுக்குக் குறைவான எடை ஆகியன இதன் சிறப்புகள். நூறு தானுந்துகளே திட்டமிடப்பட்டன. மிக உயர்ந்த விலை காரணமாக இது பெரும்பாலோருக்கு எட்டாதது.

இவற்றைத் தவிர, பழைய தானுந்தின் உடலையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு புதிய பிரேக்குகளையும் தொங்கமைப்பையும் பொருத்தி மறுவாக்கம் செய்யும் தொழிலும் வளர்ந்துள்ளது. கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் 911 தானுந்துகளை இவ்வாறு மறுவாக்கம் செய்வதில் புகழ்பெற்றது.

மின் தானுந்துகள்

மின்னோடி எந்தத் தாமதமும் இன்றி உடனடியாக முறுக்கு விசை தருகிறது. ஆகவே முடுக்கத்திலும் மறுமொழியிலும் மின் தானுந்துகள் பல, உந்துபொறித் தானுந்துகளை விஞ்சுகின்றன. மின்கலங்கள் தரைத்தளத்தில் அமைவதால் ஈர்ப்பு மையமும் தாழ்ந்துள்ளது. ஆனால் மின்கலங்களின் எடை பெரும் சிக்கலாகும். 2008இல் வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டர், லோட்டஸ் எலிஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டபோதும் எலிஸைவிடப் பல நூறு கிலோகிராம் கூடுதல் எடையுடையதாக இருந்தது.

கியர் மாற்றமும் உந்துபொறி ஒலியும் இல்லாமை மற்றொரு குறையாகக் கூறப்படுகிறது. 2023இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என், சுமார் 2.2 டன் எடையுள்ள குடும்பத் தானுந்தின் வேகமிகு வடிவமாகும். இதில் எட்டுக் கியர்கள் இருப்பது போன்ற உணர்வும் ஒலியும் மென்பொருளால் உருவாக்கப்படுகின்றன. துடுப்பை இழுக்கும்போது மின்னோடியின் விசை ஒரு கணம் தடைப்பட்டுக் கியர் மாறியது போன்ற உலுக்கலும் உண்டாகிறது. தானுந்தின் வேகத்துக்கு இது உதவாதபோதும், வளைவுக்குள் நுழையும் வேகத்தைச் செவியாலும் உடலாலும் மதிப்பிட ஓட்டுநருக்கு உதவுகிறது. பழைய உந்துபொறிகளில் இயல்பாகவே கிடைத்த செய்திகள் இங்கு தனியாக வடிவமைக்கப்பட்டுச் சேர்க்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

தானுந்து
உந்துபொறி
உராய்வு
லோட்டஸ் எலான்
மாஸ்டா எம்எக்ஸ்-5
போர்சே 911
மின் தானுந்து